கோழி வறுத்து விற்ற ஜாலிபீ இத்தனை கடைகளை எப்படி வாங்கிப் போட்டது?

கேள்வி: தோபாயோ நித்யா

எல்லாருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆர்ச்சர்ட் ரோடு லக்கி பிளாசா பக்கம் போனால் ஜாலிபீ கடையில் கூட்டம் அலைமோதும். வீட்டு வேலைக்கு வந்திருக்கும் பிலிப்பினோ அக்காக்கள், நர்ஸுகள், குழந்தைகளோடு வந்த குடும்பங்கள். கோழி வாளியைக் கையில் வைத்துக்கொண்டே ஊருக்கு வீடியோ கால் பேசுவார்கள். அது அவர்கள் ஊர்க் கடை, அதனால் கூட்டம் என்பது வரை எனக்குப் புரிகிறது.

போன வாரம் ஆபீஸ் பக்கத்தில் இருக்கும் காபி பீன் அண்ட் டீ லீஃப் கடையில் உட்கார்ந்திருந்தபோது கூட வேலை செய்யும் தோழி சொன்னாள்: "இதுவும் ஜாலிபீக்காரர்களுடையதுதான். டிம் ஹோ வான் டிம்சம் கடையும் அவர்களோடதுதான்." நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து தேடினால் உண்மைதான். போதாததற்கு கொரியாவில் ஒரு காபிக் கம்பெனி, வியட்நாமில் ஒன்று, சீனாவில் கஞ்சிக் கடை, அமெரிக்காவில் பர்கர் கடை என்று பட்டியல் போய்க்கொண்டே இருக்கிறது.

ஒரே ஒரு தேனீ பொம்மையை வைத்துக்கொண்டு கோழி விற்ற கம்பெனி இதையெல்லாம் எப்படி வாங்கியது? இது நிஜமான வளர்ச்சியா, கையில் பணம் இருக்கிறது என்று வாங்கிக் குவிப்பதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் வணிகம் படித்தவள் இல்லை, கொஞ்சம் பொறுமையாக விளக்கினால் நல்லது.

பதில்: பாசிக்வாசி

நித்யா, இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி இருக்கிறது. மணிலாவில் பாசிக் பக்கம் பல வருஷமாகக் குடியிருக்கிறேன். ஜாலிபீயின் தலைமை அலுவலகமும் இதே பாசிக்கின் ஓர்ட்டிகாஸ் பகுதியில்தான். எனக்கு அந்தக் கம்பெனியில் வேலை இல்லை. உணவகங்களுக்குக் காகித டப்பா, குவளை, மூடி சப்ளை செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். அதனால் யார் கடை யார் கைக்குப் போனது என்பது இங்கே எங்களுக்குத் தினப்படி பேச்சு. நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பம் கோழி கூட இல்லை, ஐஸ்கிரீம். நிறுவனர் டோனி டான் காக்தியோங், சீனாவின் ஃபூஜியான் பகுதியிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தில் 1953இல் பிறந்தவர். அப்பா மணிலாவில் ஒரு சீனக் கோயிலில் சமையற்காரர். பிறகு தெற்கே தவாவோ போய்க் குடும்பமாக உணவகம் நடத்தினார்கள். பையன் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தார். 1975இல் கெசோன் சிட்டியின் குபாவ் பகுதியில் மக்னோலியா ஐஸ்கிரீம் பார்லருக்கு உரிமம் எடுத்தார். வந்தவர்கள் சூடாக ஏதாவது கேட்டார்கள். சாண்ட்விச், பர்கர் போட்டார். ஐஸ்கிரீமைவிட அதுதான் விற்றது. 1978இல் ஜாலிபீ என்ற பெயரில் கம்பெனி பதிவானது. சிக்கன்ஜாய் என்ற வறுத்த கோழி 1980இல் வந்தது.

அடுத்த வருஷமே மெக்டொனால்ட்ஸ் மணிலாவில் கால் வைத்தது. அப்போது இவர்களிடம் இருந்தது விரல்விட்டு எண்ணும் கடைகள். இந்த ஊர்க்காரர்களே பலர் இவர்களைக் கடையை விற்றுவிட்டுப் போகச் சொன்னார்களாம். தாக்குப்பிடித்ததற்குக் காரணம் நாக்குதான். ஜாலிபீ பர்கரில் இறைச்சி லேசாக இனிக்கும், மசாலா வாசம் இருக்கும். ஸ்பகெட்டி நன்றாகவே இனிக்கும், மேலே ஹாட்டாக் துண்டும் துருவிய சீஸும் கிடக்கும். கோழிக்கு ரொட்டி வராது, சோறு வரும், கூடவே ஒரு கிண்ணம் கிரேவி. பிலிப்பினோ குழந்தையின் பிறந்த நாள் என்றால் இந்தச் சாப்பாடுதான். வெளியிலிருந்து வந்தவர்கள்தான் பிறகு சோறும் இனிப்பு ஸ்பகெட்டியும் போட வேண்டியதாயிற்று.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னால் இவர்கள் வாங்கிய கடைகளில் நல்லபடியாகப் போனவை எல்லாமே இதே மாதிரி ஊர் நாக்கைப் பிடித்து வைத்திருந்தவை.

1993இல் பங்குச் சந்தைக்கு வந்தார்கள். கையில் பணம் சேர்ந்தது. 1994இல் முதல் பெரிய கொள்முதல்: கிரீன்விச் பீட்சா, 80 சதவீதப் பங்கு. 1971இல் மணிலா கிரீன்ஹில்ஸில் தொடங்கிய சின்ன பீட்சாக் கடை அது. ஜாலிபீ பெயரிலேயே பீட்சா போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். போட்டிருந்தால் ஜாலிபீக்கு வருகிற அதே ஆள், கோழிக்குப் பதில் பீட்சா வாங்கியிருப்பார். கல்லாவில் ஒன்றும் கூடியிருக்காது. தனிக் கடையாக இருந்தால் இளவட்டங்கள் கூடி உட்கார ஒரு இடம், குழந்தைகளைக் கூட்டிப் போக ஒரு இடம் என்று இரண்டாகும்.

2000இல் சௌகிங். ராபர்ட் குவான் 1985இல் தொடங்கிய சீனச் சாப்பாட்டுக் கடை, நூடுல்ஸ், சியோபாவ் என்ற ஆவியில் வேகவைத்த உள்ளடை பன், வறுத்த சோறு, வெயில் காலத்தில் ஹாலோ ஹாலோ என்ற ஐஸ் துருவல் இனிப்பு. 2005இல் ரெட் ரிப்பன். கேக் கடை, அமாலியா மெர்காடோ என்ற அம்மா 1979இல் ஆரம்பித்தது. அதன் மாம்பழ கேக் இல்லாமல் இங்கே அலுவலகப் பிரிவு உபசார விழா நடக்காது.

இப்போது பாருங்கள். காலையில் பர்கர், மதியம் சீனச் சோறு, சாயங்காலம் பீட்சா, பிறந்த நாளுக்கு கேக். எந்த வேளைக்கு எங்கே சாப்பிட்டாலும் பணம் ஒரே வீட்டுக்குப் போகிறது. ஆனால் நாலு கடைக்கும் பின்னால் கோழி வாங்குவது, மாவு வாங்குவது, குளிர்பதன லாரி, இடம் பிடிப்பது, மாலில் வாடகை பேசுவது எல்லாம் சேர்ந்தே நடக்கும். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு கடைக்குக் குவளை விலை பேசுவதும் நாலு கடைக்கும் சேர்த்துப் பேசுவதும் ஒன்றல்ல. இரண்டாவது வகை ஆள் எதிரே உட்கார்ந்தால் சப்ளையர் குரல் தானாக இறங்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்த கொள்முதல் மாங் இனசால். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எட்கர் சியா, இங்கே எல்லோரும் இஞ்சாப் என்பார்கள், 2003இல் இலோய்லோ நகரில் ஒரு மாலின் கார் நிறுத்தும் கட்டிடத்தில் இதைத் தொடங்கினார். இருபதுகளில் இருந்தார். விற்றது சுட்ட கோழி. எலுமிச்சைப் புல், வினிகர், கலமான்சி எலுமிச்சை போட்டு ஊறவைத்து, கரியில் வாட்டி, மேலே மஞ்சளான எண்ணெயைத் தடவித் தடவிச் சுடுவது. பாகோலோட், இலோய்லோ பக்கத்தில் தெருவுக்குத் தெரு இருக்கும் பண்டம்தான். அவர் அதற்கு மேசையும் நாற்காலியும் ஏசியும் போட்டு, கூடவே சோறு அளவில்லாமல் என்றார்.

உள்ளே போனால் முதலில் தெரிவது புகை வாசம். தட்டில் வாழை இலைத் துண்டு, அதன் மேல் குச்சியில் கோர்த்த கால் கோழி, பக்கத்தில் கூம்பாகக் கவிழ்த்த சோறு. மேசையில் சோயா சாஸ், வினிகர், ஒரு பாட்டிலில் அந்த மஞ்சள் கோழி எண்ணெய். அதைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து கையால் சாப்பிடுகிறவர்கள் ஏராளம். நம் ஆட்களுக்கு இந்தக் கடையில் மட்டும் கூச்சமே வராது. பெரிய சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு பையன் மேசை மேசையாக வருவான். கை தூக்கினால் போதும், கரண்டி நிறைய அள்ளிப் போட்டுவிட்டு நகர்வான். கட்டுமான வேலை முடிந்து வருகிறவர்கள், நைட் ஷிப்ட் கால் சென்டர் பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள் எல்லாருக்கும் அந்தப் பையன்தான் கடை. 2017இல் ஒரு செனட்டர் இந்த அளவில்லாச் சோற்றைத் தடை செய்யலாமா, சர்க்கரை வியாதி வருகிறதே என்று பேசப்போக, நாடே கொதித்தது. அவர் பின்வாங்க வேண்டி வந்தது. ஒரு கடையின் பரிமாறும் முறை இந்த அளவுக்கு மக்கள் சொத்தாகிவிட்டால் அதற்கு விலை வைப்பது கஷ்டம்.

ஏழு வருஷத்தில் முந்நூறு கடைகளைத் தாண்டிவிட்டது. ஜாலிபீக்கு இது நேரடிப் போட்டி. இதுவும் கோழி, இதுவும் சோறு, விலையும் கைக்கடக்கம். 2010இல் 70 சதவீதத்தை 300 கோடி பெசோவுக்கு (பெசோ இந்த நாட்டு நாணயம்) வாங்கினார்கள். மீதி 30 சதவீதத்தை 2016இல் 200 கோடி பெசோ கொடுத்து வாங்கினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் தடவை முழுக் கம்பெனியின் மதிப்பு சுமார் 430 கோடி, இரண்டாம் தடவை சுமார் 670 கோடி. இடைப்பட்ட காலத்தில் அந்த 30 சதவீதத்தை வைத்திருந்ததால் விற்றவருக்கும் லாபம். அந்த இஞ்சாப்பும் டோனி டானும் பிறகு கூட்டாக நில, கட்டிட வியாபாரத்தில் இறங்கினார்கள். கடையைப் பறிகொடுத்தவர் யாராவது வாங்கியவரோடு அடுத்த தொழில் தொடங்குவாரா? விற்றவர் மனநிறைவோடு விற்றிருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த "முதலில் பெரும்பங்கு, மிச்சம் அப்புறம்" முறை இவர்கள் வழக்கம். கிரீன்விச்சிலும் அப்படித்தான். 2004இல் சீனாவின் யோங்ஹெ கிங்கை வாங்கியபோதும் முதலில் 85 சதவீதம், 2.25 கோடி டாலர். சில வருஷத்தில் மீதி. சோயா பாலும் எண்ணெயில் பொரித்த நீள மாவுக் குச்சியும் விற்கும் காலை டிபன் கடை அது. பழைய ஆள் கொஞ்ச காலம் பங்கோடு கூடவே இருப்பதால் கைப்பக்குவம் மாறாது, சமையற்காரர்கள் மொத்தமாகக் கிளம்பிப் போக மாட்டார்கள். சாப்பாட்டுத் தொழிலில் இதைவிடப் பெரிய காப்பீடு கிடையாது.

உங்கள் கேள்விக்கு நான் பார்த்தவரை பதில் இதுதான்: ஏற்கெனவே கூட்டம் சேர்ந்துவிட்ட கடையைத்தான் வாங்குவார்கள். முன்பக்கத்தைத் தொடாமல் விடுவார்கள். பின்பக்கத்தை, அதாவது கொள்முதல், சமையற்கூடம், இடம், கணக்கு, இதையெல்லாம் தங்கள் கைக்குக் கொண்டுவருவார்கள். அந்தப் பின்பக்கத்தில் அவர்கள் கெட்டிக்காரர்கள். லகூனா மாகாணத்தின் கான்லுபாங்கில் இருக்கும் அவர்கள் மையச் சமையற்கூடம் இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்த பெயர்.

 

பதில்: தவாவோ மருத்துவ மாணவி

பாசிக்வாசி அண்ணா சொன்னது அத்தனையும் தினம் கண்ணால் பார்ப்பது. தவாவோவில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் எம்.டி. படிக்கிறோம். மாலுக்குப் போனால் சீனியர் அக்கா ஒருத்தி, "எங்கே சாப்பிடலாம்னு சண்டை போடாதீங்க, எல்லாம் ஒரே முதலாளிதான்" என்பாள். நான் விளையாட்டாகச் சொல்கிறாள் என்றே நினைத்திருந்தேன்.

ஒன்றைச் சேர்க்க ஆசை. இங்கே உள்ளவர்களுக்கு ஜாலிபீ மேல் இருக்கும் பாசம் சும்மா விளம்பரத்தால் வந்ததில்லை. எங்கள் மருத்துவமனை வார்டில் ஒரு பாட்டி டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் மகன் ஜாலிபீ பை ஒன்றோடு வந்து நின்றார். நர்ஸுகளுக்கு, எங்களுக்கு, பக்கத்துப் படுக்கைக்காரருக்கு எல்லாம் ஆளுக்கு ஒரு யம்பர்கர், அதாவது ஜாலிபீயின் பர்கர். நம் ஊரில் சுகமாகி வீட்டுக்குப் போகும்போது இனிப்பு கொடுப்போமே, இங்கே அந்த இடத்தில் இது. அந்தத் தேனீ பொம்மை வாசலில் நின்றால் குழந்தைகள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும்.

அண்ணா, ஒரு சந்தேகம். வெளிநாட்டில் ஜாலிபீ பெயரிலேயே கடை போடுகிறார்களே, அப்புறம் எதற்கு அங்கே வேறு கடைகளையும் வாங்க வேண்டும்?

பதில்: தேரா கணக்கர்

துபாயில் வங்கித் துறையில் இருக்கிறேன். இங்கேயும் துபாய் மாலில் ஜாலிபீ திறந்தபோது பிலிப்பினோ சகாக்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். கடையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் பாசிக்வாசி ஐயா எழுதியதில் உள்நாட்டு வெற்றிகள்தான் இருக்கின்றன. வெளிநாட்டுக் கணக்கையும் வைக்க வேண்டும். அமெரிக்க ஸ்மாஷ்பர்கரில் 2015இல் 40 சதவீதத்துக்குச் சுமார் 10 கோடி டாலர் கொடுத்தார்கள். 2018 தொடக்கத்தில் இன்னொரு 10 கோடி கொடுத்து 85 சதவீதம் ஆக்கினார்கள். அதே வருஷ முடிவில் மீதி 15 சதவீதம் வெறும் 1 கோடிக்குக் கிடைத்தது. அந்தக் கடைசி விலையே கதையைச் சொல்லிவிடுகிறது. மதிப்பு அவ்வளவு இறங்கியிருந்தது. வருஷக்கணக்கில் அது நஷ்டத்தைத்தான் கொண்டுவந்தது. 2019இல் காபி பீன் அண்ட் டீ லீஃபை 35 கோடி டாலருக்கு எடுப்பதாக அறிவித்ததும் பங்கு விலை சரிந்தது. அந்த வருஷ லாபமும் குறைந்தது. 2020இல் கொரோனாவும் சேர்ந்துகொள்ள, நஷ்டம் 1,150 கோடி பெசோ.

முதலீட்டாளர் பார்வையில் சொல்கிறேன்: ஒரு கம்பெனி தானாக வளர்வதும், கடன் வாங்கி அடுத்தவர் கம்பெனியைச் சேர்த்து விற்பனைத் தொகையைப் பெருக்கிக் காட்டுவதும் வேறு வேறு. உலகின் முதல் ஐந்து உணவக நிறுவனங்களில் ஒன்றாக வேண்டும் என்று அவர்கள் வெளிப்படையாகவே சொல்லி வருகிறார்கள். அந்த இலக்கே இவர்களை அவசரப்படுத்துகிறது என்பது என் கருத்து.

பதில்: பாசிக்வாசி

தேரா கணக்கர் ஐயா, எண்கள் சரி. ஸ்மாஷ்பர்கர் விஷயத்தில் உங்களோடு நான் ஒத்துப்போகிறேன், மேலேயும் போகிறேன். அது அவர்களுடைய வழக்கத்துக்கே மாறான கொள்முதல். டென்வரில் 2007இல் தொடங்கிய கடை. அமெரிக்கர்களுக்குப் பர்கர் விற்கும் கடையை, அமெரிக்காவிலேயே, வாங்கினார்கள். மணிலாவில் அவர்களுக்கு இருக்கும் பலம் எதுவும் அங்கே கிடையாது. கோழி, மாட்டிறைச்சி கொள்முதலில் பேரம் பேசும் கனம் இல்லை, சொந்தச் சமையற்கூடம் இல்லை, சம்பளமும் வாடகையும் மலை மாதிரி. தெருவுக்குத் தெரு நல்ல பர்கர் கிடைக்கும் நாட்டில் கூட்டமும் இவர்களிடம் நிலைக்கவில்லை. முன்பக்கமும் போய், பின்பக்கமும் இல்லாமல் எதைக் கொண்டு நிமிர்த்துவது? முழுசாகக் கையில் எடுத்த பிறகு சீர்படுத்தப் பார்த்தார்கள். ஆனால் இந்த ஒரு கடைக்குப் போட்ட பணமும் மூளையும் வேறு எதிலாவது போட்டிருந்தால் என்ற ஆதங்கம் இங்கே பலருக்கு உண்டு, எனக்கும்தான்.

2020 விஷயத்தில் மட்டும் கொஞ்சம் மாறுபடுகிறேன். அந்த வருஷம் மணிலாவின் முழு அடைப்பு உலகத்திலேயே நீளமானவற்றில் ஒன்று. குழந்தைகளை வீட்டைவிட்டு வெளியே கூட்டிவரவே அனுமதி இல்லை. குழந்தைகளை நம்பிய கடைக்கு அதைவிட என்ன அடி வேண்டும்? அவர்கள் 700 கோடி பெசோ ஒதுக்கி, தேறாத கடைகளை உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் மூடி, சமையற்கூடங்களைச் சீரமைத்தார்கள். அந்த நஷ்டத்தில் ஒரு பகுதி இப்படித் தெரிந்தே எடுத்த செலவு. எங்களைப் போன்ற சப்ளையர்கள் அந்த வருஷம் பட்டபாட்டை எழுத ஆரம்பித்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

தவாவோ தங்கைக்கு: நல்ல கேள்வி, இதுதான் மையமே. ஜாலிபீ என்ற பெயர் வெளிநாட்டில் பிலிப்பினோக்கள் இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் முதலில் போகும். 1998இல் அமெரிக்காவின் முதல் கடையைக் கலிபோர்னியாவின் டேலி சிட்டியில் திறந்தார்கள். பிலிப்பினோக்கள் நெருக்கமாக வாழும் ஊர். துபாய், ஹாங்காங், லண்டன், மிலான் எல்லாம் அதே கணக்கு. அந்த அலை அடித்து ஓய்ந்த பிறகு உள்ளூர்க்காரர்கள் வந்தால் லாபம். சில ஊர்களில் வருகிறார்கள், வியட்நாமில் நன்றாகவே வருகிறார்கள். ஆனால் பிலிப்பினோக்கள் எண்ணிக்கைக்கு ஒரு எல்லை உண்டு. சீனாவில், கொரியாவில் ஊர் முழுக்கச் சாப்பிட வேண்டுமென்றால் அந்த ஊர்க் கடை ஒன்று கையில் வேண்டும். அதனால்தான் சீனாவில் சோயா பால் கடை, 2008இல் பெய்ஜிங்கின் ஹோங் ஜுவாங் யுவான் கஞ்சிக் கடை. 2012இல் வியட்நாமின் ஹைலண்ட்ஸ் காபியில் பங்கு.

நித்யா, உங்கள் ஊரிலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது. 1980களின் நடுவிலேயே ஜாலிபீ சிங்கப்பூரில் திறந்தது. உள்ளூர்ப் பங்காளியோடு ஒத்துவராமல் சீக்கிரமே மூட வேண்டியதாயிற்று. நீங்கள் பார்க்கும் லக்கி பிளாசா கடை 2013இல் வந்தது. அத்தனை வருஷ இடைவெளி. வெளிநாட்டில் கூட்டாளி சரியில்லை என்றால் சமையல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நிற்காது என்பதை அப்போதே அனுபவித்தவர்கள் இவர்கள். அதனால்தான் ஹைலண்ட்ஸ் காபியில் அதன் நிறுவனர் டேவிட் தாயைக் கூடவே வைத்துக்கொண்டார்கள். பிறகு காபி பீன் வாங்கும்போது அவருடைய நிறுவனத்தையே 20 சதவீதக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார்கள். காபி தெரிந்த ஆளைத் தேடிப் போகாமல், ஏழு வருஷமாகக் கூடப் பழகிய ஆளிடம் போனார்கள். அந்த விஷயத்தில் 35 கோடி டாலரை நான் அவசரம் என்று சொல்ல மாட்டேன்.

நித்யா:

அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. மாங் இனசால் பகுதியைப் படித்ததும் பசி எடுத்துவிட்டது. மணிலா டிக்கெட் பார்க்கத் தொடங்கிவிட்டேன், நிஜமாக.

கடைசியாக ஒன்று. காபியாக ஏன் வாங்குகிறார்கள்? சோறும் கோழியும் தெரிந்தவர்கள் அதிலேயே போகலாமே. அந்தக் கொரியா கடையைப் பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: பாசிக்வாசி

மணிலா வந்தால் இங்கேயே எழுதிச் சொல்லுங்கள், எந்தக் கிளைக்குப் போகலாம் என்று எழுதுகிறேன். கரியில் சுடுவதைக் கண்ணால் பார்க்க முடிகிற கிளைகள் இருக்கின்றன, அங்கே போக வேண்டும்.

காபிக்கு வருவோம். என் தொழில் பக்கம் நின்று சொல்கிறேன். ஒரு கோழிக் கடைக்கு என்ன வேண்டும்? பொரிக்கும் எண்ணெய்த் தொட்டி, குளிர்பதன அறை, புகைபோக்கி, கழிவு எண்ணெய்த் தொட்டி, மேசை நாற்காலி, ஒரு ஷிப்டுக்குக் கணிசமான ஆட்கள். எங்கள் பக்கத்திலிருந்து போவது வாளி, பெட்டி, கிரேவி கிண்ணம், அதற்கு மூடி, கைகழுவும் ஈரத்தாள் என்று பத்து உருப்படி. காபிக் கடைக்கு ஒரு இயந்திரம், ஒரு ஐஸ் இயந்திரம், இரண்டு மூன்று பேர். டப்பா என்று பார்த்தால் குவளை, மூடி, உறிஞ்சு குழாய், தீர்ந்தது. கெட்டுப்போகிற சரக்கு பால் மட்டும். பத்துக்குப் பத்து இடம் கிடைத்தால் கடை போட்டுவிடலாம். இன்னொருவர் முதல் போட்டு, உரிமக் கட்டணம் கட்டி நடத்த இதைவிடத் தோதான தொழில் இல்லை.

கொரியாவின் கம்போஸ் காபி இந்தக் கணக்கின் உச்சம். 2014இல் பூசானில் தொடங்கிய மலிவு விலை காபிக் கடை. பெரிய குவளை, குறைந்த விலை, நின்று வாங்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். பத்தே வருஷத்தில் 2,600க்கு மேல் கடைகள். ஏறக்குறைய எல்லாமே உரிமம் எடுத்தவர்கள் நடத்துவது. பி.டி.எஸ். என்ற கொரியப் பாட்டுக் குழுவின் வி என்ற பாடகர் அதன் விளம்பர முகமாக இருந்ததால் இங்கே என் மகளுக்குக் கூட அந்தப் பெயர் தெரியும். 2024 ஜூலையில் அதன் 70 சதவீதத்தை 23.8 கோடி டாலருக்கு எடுப்பதாக ஜாலிபீ அறிவித்தது. 25 சதவீதம் கொரியாவில் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு, மீதி 5 சதவீதம் டைட்டன் என்ற முதலீட்டு நிதிக்கு. ஆக, இங்கேயும் உள்ளூர் அறிந்த ஆளைக் கூட வைத்துக்கொண்டார்கள்.

ஸ்மாஷ்பர்கரையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே கடை நஷ்டமானால் வாடகை, சம்பளம் எல்லாம் இவர்கள் தலையில். இங்கே கடைக்காரர் தன் பணத்தைப் போட்டிருக்கிறார். இவர்கள் கொட்டையும் பொருளும் சப்ளை செய்து, உரிமத் தொகையும் வாங்குகிறார்கள். உலகம் முழுக்க இவர்கள் கடை எண்ணிக்கை இன்று பத்தாயிரத்தை ஒட்டி நிற்கிறது என்றால், அதில் நாலில் ஒன்றுக்கு மேல் இந்த ஒரே கொள்முதலில் வந்தது. தேரா கணக்கர் ஐயா சொன்ன "தானாக வளர்வது" என்ற அளவுகோலில் இது தேறாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாங்கிய முதல் நாளிலிருந்தே லாபத்தில் ஓடுகிற கம்பெனியை வாங்கியிருக்கிறார்கள். ஸ்மாஷ்பர்கரில் கட்டிய பாடக் கட்டணம் இதில் தெரிகிறது.

எனக்கு இதில் ஒரே கவலை உரிமக் கடைக்காரர்களைப் பற்றியது. மலிவுக் காபியில் அவர்களுக்கு மிஞ்சுவது குவளைக்குச் சில காசுகள். தெருவுக்கு மூன்று கடை என்று திறந்துகொண்டே போனால் தலைமையகத்துக்கு உரிமத் தொகை வரும், கடைக்காரர் வாடகைக்குத் திணறுவார். கொரியாவில் காபிக் கடைகள் ஏற்கெனவே நெருக்கியடிக்கின்றன. ஜாலிபீ கம்பெனி தன் சொந்த ஊரில் உரிமக் கடைக்காரர்களைப் பொறுக்கி எடுத்து, மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்து, கடையில் நேரில் நிற்கச் சொல்லும் பழக்கமுள்ளது. அந்தக் கறாரைக் கொரியாவுக்கும் கொண்டுபோனால் நல்லது.

பதில்: தேரா கணக்கர்

உரிமக் கடைக்காரர் பற்றிச் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். இனி ஆண்டறிக்கை வரும்போது நான் பார்க்கப்போவது கடை எண்ணிக்கையை அல்ல, ஏற்கெனவே இருக்கும் கடைகளின் விற்பனை போன வருஷத்தைவிட எவ்வளவு கூடியது என்ற வரியை. அது ஏறினால் பாசிக்வாசி ஐயா சொல்வது சரி.

பதில்: தவாவோ மருத்துவ மாணவி

நித்யா அக்கா, மணிலாவோடு நிற்காமல் தவாவோவுக்கும் வாருங்கள். மாங் இனசாலில் சோற்றுப் பாத்திரத்தோடு வரும் பையனிடம் "எக்ஸ்ட்ரா ரைஸ் போ" என்று சொன்னால் போதும். அந்த "போ" நம் ஊர் "ங்க" மாதிரி மரியாதைக்கு. கோழி எண்ணெயை முதல் தடவையே நிறைய ஊற்றிவிடாதீர்கள்.